கண்ணாடி மூக்கில் உட்கார்ந்தவர்: ரொமேன் காரி

டக்ளஸ் போஸ்டன் குண்டுவீச்சு விமானத்தின் உடல் மிகவும் ஒடுங்கியது. விமானி நடுவில் தனி அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கை கிடையாது. அவருக்கு முன்னால், சற்றுக் கீழே, விமானத்தின் மூக்கில் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நேவிகேட்டர். வரைபடம், பென்சில், குண்டெறியக் குறிபார்க்கும் கருவி எல்லாம் அவர் வசம். வானொலியும் இயந்திரத் துப்பாக்கிகளும் பின்பகுதியில். அங்கே உள்ளவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. பறக்கும்போது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வழியில்லை. விமானிக்கு ஏதாவது ஆகிவிட்டால் நேவிகேட்டர் எழுந்து போய்ச் சுக்கானைப் பிடிக்க முடியாது. எல்லோரையும் இணைத்தது இன்டர்காம் கம்பி ஒன்றுதான்.

1944 ஜனவரி 25 அன்று அப்படிப்பட்ட ஒரு போஸ்டனின் மூக்கில், பின்னாளில் புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியரான ரொமேன் காரி உட்கார்ந்திருந்தார். சுதந்திர பிரான்ஸ் விமானப் படையின் லொரேன் குழு. பிரிட்டிஷ் கணக்கில் 342-ஆம் ஸ்குவாட்ரன். ஆறு விமானங்கள் கொண்ட அணி. அதை நடத்திச் செல்லும் பொறுப்பு அவருடையது. இலக்கு, வட பிரான்சில் ஜெர்மானியர் கட்டிக்கொண்டிருந்த, வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டுகளுக்கான ஏவுதளங்கள்.

நேவிகேட்டர் வேலை அடிப்படையில் கணக்கு வேலை. விமானத்தின் மூக்கு காட்டும் திசை ஒன்று, தரைக்கு மேல் அது உண்மையில் போகும் பாதை வேறொன்று. இரண்டையும் பிரிப்பது காற்று. வேகம், திசை, கடந்த நேரம், காற்றின் தள்ளல் ஆகியவற்றை வைத்து முக்கோணம் போட்டு, ‘இப்போது இங்கே இருக்கிறோம்’ என்று தாளில் புள்ளி வைக்க வேண்டும். 5 பாகை பிசகினால் 100 கிலோமீட்டரில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் விலகிப்போகும். தோப்புகளுக்கும் பண்ணைகளுக்கும் நடுவே ஒளித்துக் கட்டப்பட்ட ஏவுதளத்தை 9 கிலோமீட்டர் பிசகில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். அணியாகப் பறக்கும்போது இன்னொரு சிக்கல். தலைமை விமானம் குண்டை விடுவதைப் பார்த்துத்தான் மற்றவை விடும். முன்னால் இருப்பவர் தவறினால் ஆறும் தவறும். கடைசிச் சில நொடிகள் விமானம் ஏறாமல், இறங்காமல், திரும்பாமல் நேர்கோட்டில் போயாக வேண்டும். இல்லையென்றால் குறி நிற்காது. தரையிலுள்ள பீரங்கிக்காரர்களுக்கும் அந்தச் சில நொடிகள்தான் வாய்ப்பு.

லொரேன் குழுவினருக்கு இதில் கூடுதலாக ஒரு பாரம் இருந்தது. குறி தப்பிய குண்டு விழுவது பிரெஞ்சுக் கிராமத்தின் மேல். 1943 அக்டோபர் 3 அன்று இதே குழு பாரிஸ் அருகே ஷெவில்லி-லாரூ மின்நிலையத்தைத் தாக்கியபோது அடிபட்ட ஒரு போஸ்டன், வீடுகள் மேல் விழாமல் சேன் ஆற்றில் போய் விழுந்தது. அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

ஜனவரி 25-க்கு வருவோம். இலக்கை நெருங்கும்போது பீரங்கிச் சிதறல் விமானத்தைத் துளைத்தது. காரிக்கு வயிற்றில் காயம். விமானி அர்னோ லாங்கேவுக்குக் கண்களில் சிதறல், பார்வை போய்விட்டது. சுக்கான் கண் தெரியாதவர் கையில், கண் தெரிந்தவருக்கோ சுக்கான் எட்டாது. காரி பேச ஆரம்பித்தார். இடது, இன்னும் கொஞ்சம் இடது, நேராக. அந்தக் குரலை நம்பி லாங்கே விமானத்தைக் குறிக்குமேல் கொண்டுபோக, குண்டுகள் விழுந்தன. அப்படியே திரும்பி இங்கிலாந்து வரை வந்தார்கள். குதித்துவிடலாம் என்றால் விமானியின் தலைக்கு மேலிருந்த மூடி நசுங்கித் திறக்கவில்லை. அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் குதிக்கவில்லை. இரண்டு முறை இறங்கப் பார்த்து முடியாமல், மூன்றாம் முறை தரை தொட்டார்கள். லாங்கேவுக்குப் பின்னால் பார்வை திரும்பியது.

பிரான்சின் விடுதலைச் சிலுவை காரிக்குக் கிடைத்தது 1944 நவம்பர் 20 தேதியிட்ட ஆணையில். கறுப்பும் பச்சையுமான நாடா. துக்கத்துக்கு ஒன்று, நம்பிக்கைக்கு ஒன்று. அந்தப் பதக்கம் பெற்ற தனிமனிதர்கள் மொத்தம் 1,038 பேர்தான். அவர் கணக்கில் இங்கிலாந்திலிருந்து மட்டும் 25-க்கு மேற்பட்ட தாக்குதல் பறப்புகள், 65 மணி நேரத்துக்கு மேல்.

காரியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய அம்மாவிலிருந்தோ ஹாலிவுட் மனைவியிலிருந்தோ தொடங்குகிறார்கள். அவரை நேவிகேட்டராகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. வேறொருவரை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, எட்டாத இடத்திலிருந்து குரலால் ஓட்டுவது. முப்பது ஆண்டுகள் கழித்து இலக்கியத்தில் அவர் செய்ததும் இதுதான்.

பிறந்தது 1914-இல், அன்று ரஷ்யப் பேரரசிலும் பின்பு போலந்திலும் இருந்த வில்னாவில். யூதக் குடும்பம், பெயர் ரோமான் காட்சேவ். அப்பா குடும்பத்தை விட்டுப் போய் வேறு மணம் செய்துகொண்டார். அம்மா மினா மகனை இழுத்துக்கொண்டு வார்சா போய், 1928-இல் பிரான்சின் நீஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். மெர்மோன் என்ற சிறு தங்கும் விடுதியை நடத்தினார். மகன் பிரெஞ்சுத் தூதராவான், பெரிய எழுத்தாளனாவான் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவர். 1960-இல் வந்த ‘விடியலின் வாக்குறுதி’யில் ஓர் இடம் உண்டு. தினமும் மகனுக்கு மட்டும் மாட்டிறைச்சித் துண்டு பொரித்து வைப்பார் அம்மா. தான் சைவம் என்பார். ஒருநாள் பையன் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால், பொரித்த சட்டியில் ஒட்டிய கொழுப்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நம் வீடுகளில் ‘எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

அந்தப் புத்தகத்தைச் சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். அதில் புகழ்பெற்ற பகுதி அம்மாவின் கடிதங்கள். போர் முழுவதும் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு நீஸ் போனால்தான் தெரிகிறது, அம்மா எப்போதோ இறந்துவிட்டார், சாகுமுன் 250 கடிதங்களை எழுதி ஸ்விட்சர்லாந்திலிருந்த தோழியிடம் கொடுத்து ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்று. இது கற்பனை. மினா இறந்தது 1941 பிப்ரவரியில். போர் முடிவதற்கு வெகு முன்பே செய்தி மகனுக்கு எட்டிவிட்டது என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கற்பனையின் அமைப்பைக் கவனியுங்கள். ஆள் இல்லை, குரல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது, இன்னொருவர் கை வழியாக.

ராணுவம் அவரை முதலில் வரவேற்றது அவமானத்தோடு. 1935-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 1938-இல் விமானப் படையில் சேர்ந்து ஆவோர் பள்ளியில் பயிற்சி. ஏறக்குறைய 300 மாணவர்களில் அதிகாரிப் பதவி மறுக்கப்பட்டது தனக்கு மட்டும்தான் என்பது அவர் சொன்ன கணக்கு. குடியுரிமை வாங்கி மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது. அதிகாரியாக வரவேண்டியவர் கார்ப்பொரலாக வெளியே வந்தார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? தளபதியின் மனைவியோடு தொடர்பு ஏற்பட்டதால் தண்டித்துவிட்டார்கள் என்று கதை கட்டியதாகவும், அம்மா அதைக் கேட்டுப் பூரித்துப்போனதாகவும் எழுதியிருக்கிறார். அவமானத்தை நல்ல கதையாக மாற்றும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் விமானத்தில் வட ஆப்பிரிக்கா, அங்கிருந்து காசாபிளாங்காவில் சரக்குக் கப்பல் ஏறி, ஜூலையில் கிளாஸ்கோ. பிறகு ஆப்பிரிக்கா, சிரியா. டமாஸ்கஸில் டைபாய்டு வந்து மாதக்கணக்கில் படுக்கை. 1943-இல் மீண்டும் இங்கிலாந்து. காரி என்ற பெயர் இந்தப் போர்க் காலத்தில் ஒட்டிக்கொண்டது. ரஷ்ய மொழியில் அதற்கு ‘எரி’ என்று பொருள், ஏவல் வினை.

முதல் நாவல் எழுதப்பட்டது ஹாம்ப்ஷயரில் ஹார்ட்ஃபோர்ட் பிரிட்ஜ் விமானத் தளத்தில். நெளி தகரக் கொட்டகை. கூடவே தூங்கும் சக வீரர்கள். பறக்கும்போது போடும் தோல் ஜாக்கெட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, விரல் விறைக்க விறைக்க விடியும்வரை எழுதுவார். காலையில் பறக்கப் போவார். ‘ஐரோப்பியக் கல்வி’ என்ற அந்த நாவல் போலந்துக் காட்டில் பனிக்கடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருக்கும் 14 வயதுப் பையனைப் பற்றியது. அவன் வாழும் காடு காரி பிறந்த ஊரின் காடு. ஆகாயத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் மண்ணுக்கடியில் இருப்பவர்களைப் பற்றி எழுதினார் என்பது எனக்கு எப்போதும் விந்தைதான். தன் பறப்புகளை அவர் தொடவே இல்லை. போர்முனையிலிருந்து எழுத வருபவர்கள் வழுக்கும் இடம் அதுதான். பார்த்ததையெல்லாம் பார்த்த வரிசையில் கொட்டிவிட்டால் படைப்பிரிவின் நாட்குறிப்பு கிடைக்கும், நாவல் கிடைக்காது.

மூல மொழியில் வருவதற்கு முன்பே, 1944-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்துவிட்டது. பிரெஞ்சில் 1945, அந்த ஆண்டின் விமர்சகர் பரிசும் கிடைத்தது. அதே ஆண்டு வெளியுறவுத் துறையில் வேலை. சோஃபியா, பெர்ன், நியூயார்க்கில் ஐ.நா., லாஸ் ஏஞ்சலிஸில் துணைத் தூதரகம் என்று பதினைந்து ஆண்டுகள் ஓடின. இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, ஐ.நா.வைத் தவிர. 1952 முதல் 1954 வரை அங்கே பிரெஞ்சுத் தூதுக்குழுவின் பேச்சாளர். தான் நம்பாததையும் அரசு சொன்னபடி மேடையில் சொல்லும் வேலை. அங்கே கேட்டுச் சலித்த சொற்றொடர்கள் பின்னால் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்க்கப் போகிறோம்.

1956-இல் ‘வானத்தின் வேர்கள்’. பிரெஞ்சுப் பூமத்திய ஆப்பிரிக்காவில் யானை வேட்டையைத் தடுக்க மனுவோடு அலையும் மொரேல் என்பவன் கதை. ஜெர்மன் முகாமில் அடைபட்டிருந்தபோது, தடையில்லாமல் ஓடும் யானைக்கூட்டத்தை நினைத்து நினைத்தே உயிர் பிழைத்தவன் அவன். சூழலியல் என்ற சொல் பொதுப்பேச்சுக்கு வராத காலம். பிரான்சின் மிகப் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான கொன்கூர் அதற்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது ஆசிரியர் பொலிவியாவில் தூதரகப் பணியில் இருந்தார். பாரிஸ் விமர்சகர்கள் சிலர் இலக்கணப் பிழைகளை எடுத்துப் பட்டியல் போட்டார்கள். இந்தப் பிழைப் பட்டியலையும் நினைவில் வையுங்கள்.

கொன்கூருக்கு ஒரு விதி உண்டு. ஓர் எழுத்தாளருக்கு ஒரு தடவைதான்.

1970-களுக்கு வரும்போது காரி ஒரு பழகிய முகம். பதக்கம், தூதர் பதவி, நடிகை ஜீன் சீபெர்குடன் திருமணம், மணமுறிவு. ‘அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும்’ என்ற எண்ணத்தோடு புத்தகத்தைத் திறந்தார்கள், அல்லது திறக்காமலே எழுதினார்கள். அறுபதை நெருங்கும் வயதில் அவர் புதிதாகத் தொடங்க முடிவு செய்தார். புனைபெயர் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் புனைபெயர்களுக்குப் பின்னால் யார் என்பது தெருவுக்கே தெரியும். காரிக்கு வேண்டியது பெயர் மட்டும் அன்று, முழு ஆள். முன்பு இரண்டு புனைபெயர்களை முயன்று பார்த்திருந்தார். 1958-இல் ஃபோஸ்கோ சினிபால்டி, 1974-இல் ஷாத்தான் போகா. வெறும் பெயர் போதாது என்பது அவற்றில் தெரிந்திருக்கும்.

புதிய பெயர் எமில் அழார். பிரெஞ்சின் அந்த ஒலிக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் ழகரம் இடும் வழக்கப்படி எழுதினால் இப்படித்தான் வரும். தமிழில் ‘அழமாட்டார்’ என்று பொருள்படுவது தற்செயல். ரஷ்ய மொழியில் ‘ழார்’ என்றால் தணல். எரிந்தது காரி, மிஞ்சிய தணல் அழார்.

பிறகு வேலை ஒரு படைநடவடிக்கை போலவே நடந்தது. ஆசிரியர் ஏன் நேரில் வரமாட்டார் என்பதற்குக் காரணம் வேண்டும். ஆகவே அழார் பிரேசிலில் வாழும் பிரெஞ்சு மருத்துவர், சட்டவிரோதக் கருக்கலைப்பு வழக்கால் நாடு திரும்ப முடியாதவர் என்று கதை. கைப்பிரதி பாரிஸ் அஞ்சலகத்திலிருந்து வரக்கூடாது. ஆகவே ரியோவோடு தொடர்புள்ள நண்பர் பியேர் மிஷோ அதைக் கலிமார் பதிப்பகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அதன் துணை நிறுவனமான மெர்க்யூர் த பிரான்சுக்குப் போய், 1974-இல் ‘க்ரோ-கலென்’ வெளிவந்தது. பாரிஸ் அடுக்ககத்தில் மலைப்பாம்போடு குடித்தனம் நடத்தும் புள்ளியியல் குமாஸ்தாவின் கதை. உண்மையில் எழுதியது யார் என்று இலக்கிய வட்டாரம் ஊகிக்கத் தொடங்கி, ரேமோன் கெனோ, லூயி அரகோன் போன்ற பெரிய எழுத்தாளர்கள் வரை போயிற்று. காரியின் பெயரை எடுத்தவர்கள் மிகச் சிலர். இத்தனைக்கும் அவர் தன் பெயரிலேயே முன்பு வெளியிட்ட ‘வெள்ளை நாய்’ நூலில் மலைப்பாம்பு ஒன்று ஏற்கெனவே நெளிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு ‘வாழ்க்கை உன் முன்னே’. பாரிஸின் பெல்வில் பகுதி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடி. பாலியல் தொழிலாளிகளின் பிள்ளைகளைக் கூலிக்கு வளர்க்கும் மதாம் ரோசா, ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட யூத மூதாட்டி. கதை சொல்பவன் மோமோ, அவள் வளர்க்கும் அரபுச் சிறுவன். அவன் பேச்சில் சொற்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கிழவி வலியில் கிடக்கும்போது, ‘இவளுக்குக் கருக்கலைப்பு செய்துவிடுங்கள்’ என்று மருத்துவரிடம் கேட்பான். கருணைக்கொலை என்ற சொல் அவனுக்குத் தெரியாது. சின்னக் குழந்தைகளுக்குச் செய்வதைக் கிழவர்களுக்கு ஏன் செய்யக்கூடாது என்பது அவன் வாதம். தவறான சொல், சரியான சொல்லைவிட ஆழமாகக் குத்துகிறது. இன்னொன்று, மக்களின் சுயநிர்ணய உரிமை. ஐ.நா. அவையில் தேய்ந்துபோன அந்தத் தொடரை மோமோ ஒரு கிழவி தன் சாவைத் தானே தீர்மானிக்கும் உரிமையாகப் புரிந்துகொண்டு பேசுகிறான். பேச்சாளர் வேலை வீண்போகவில்லை.

1956-இல் காரியின் பிரெஞ்சு பிழையானது. 1975-இல் அழாரின் பிரெஞ்சு புத்தம் புதியது. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்: ரஷ்யமும் போலிஷும் பேசி வளர்ந்து, பதின்வயதில் நீஸ் வந்து சேர்ந்த பையனின் காது.

இப்போது பதிப்பாளர் ஆசிரியரைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். காரி, போல் பாவ்லோவிச் என்ற தன் உறவுக்காரப் பையனை இருக்கையில் உட்கார வைத்தார். ஒன்றுவிட்ட சகோதரியின் மகன். பாவ்லோவிச், கோபன்ஹேகனில் பதிப்பாளர் சிமோன் கலிமாரைச் சந்தித்தார், ‘ல மோந்த்’ நாளிதழுக்குப் பேட்டியும் கொடுத்தார். திட்டம் பிசகியது இங்கேதான். பேசச் சொன்ன அளவோடு நிற்காமல், தன் சொந்த வாழ்க்கை விவரங்களைக் கலந்தார். தன் சொந்தப் புகைப்படமும் வெளியே போயிற்று. ‘ல புவான்’ வார இதழ் ஆளை அடையாளம் கண்டது. ஆள் தெரிந்ததும் மாமா யார் என்பதும் தெரிந்தது. விமானத்தில் லாங்கே சொன்னபடி கேட்டார்; இங்கே இருக்கையில் இருந்தவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது.

இதற்கிடையே 1975 நவம்பர் 17 அன்று கொன்கூர் அறிவிக்கப்பட்டது. அழாருக்கு. வழக்கறிஞர் ஜிசேல் அலிமி மூலம் பரிசை மறுக்கப் பார்த்தார்கள். பரிசு வழங்கும் கொன்கூர் கழகத்தின் தலைவர் எர்வே பசேன் விடவில்லை. நாங்கள் வாக்களித்தது புத்தகத்துக்கு. பிறப்பையும் இறப்பையும் போலவே கொன்கூரையும் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று பதில் வந்தது. பரிசுத்தொகை என்னவோ 50 பிராங்க்தான். அதன் பெயரால் விற்கும் பிரதிகளில்தான் பணம்.

பிசகைத் திருத்த காரி கையாண்ட வழியில் பழைய நேவிகேட்டரைப் பார்க்கலாம். காற்று தள்ளிவிட்டால் காற்றோடு சண்டை போடாமல் கோட்டை மாற்றிப் போடுவார்கள். உறவை மறைக்க முடியாது என்றானதும், அந்த உறவையே மூடாக்காக ஆக்கினார். 1976-இல் அழார் பெயரில் ‘சூடோ’ வந்தது. பாவ்லோவிச்சின் குரலில், மனநிலை குலைந்த ஒருவனின் வாக்குமூலம். அதில் ‘தோந்தோன் மக்கூட்’ என்ற மாமா வருகிறார்; சுயநலக்காரர், போலி, பிறர் துயரத்தில் புத்தகம் எழுதுகிறவர். படித்தவர்கள் அனைவருக்கும் அது காரி என்று புரிந்தது. புரிந்ததும் ஐயம் தீர்ந்தது. எந்த எழுத்தாளர் தன்னையே இவ்வளவு கேவலமாகத் திட்டி நாவல் எழுதுவார்? தான் அழார் இல்லை என்று காரி பத்திரிகைக்கு எழுதிய மறுப்பைவிட இந்தத் திட்டு நன்றாக வேலை செய்தது. பாவ்லோவிச் தன் குடும்பத்தையும் மனத்தையும் இப்படி ஊர்முன் கிழித்துப் போட்டதை எப்படித் தாங்கிக்கொண்டார் என்பது வேறு கதை. காரி அவருக்குச் செய்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மறைவில் இருப்பவர் குரல் கொடுக்கலாம். வெளியே நிற்பவர்தான் அடிவாங்குவார்.

1977-இல் ‘வாழ்க்கை உன் முன்னே’ படமாகி, சிமோன் சிஞோரே மதாம் ரோசாவாக நடிக்க, சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. 1979-இல் அழாரின் நான்காவது நாவல். அந்த ஆண்டுகள் முழுவதும் காரி தன் பெயரிலும் எழுதிக்கொண்டிருந்தார்; அழார் மேலே ஏற, காரி முடிந்துபோனவர் என்ற பேச்சும் வளர்ந்தது. தன் பெயரில் கடைசியாக 1980-இல் வெளியிட்ட ‘பட்டங்கள்’, நார்மண்டியில் பட்டம் செய்யும் தபால்காரர் ஒருவரையும் அவர் வளர்க்கும் பையனையும் பற்றியது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலக் கதை. தரையில் நின்று நூலைப் பிடித்திருப்பவர், மேலே பறப்பது வேறொன்று.

1980 டிசம்பர் 2 அன்று பாரிஸில் தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். முந்தைய ஆண்டு இறந்த சீபெர்குக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார். போர்வீரருக்குரிய மரியாதையோடு, பாரிஸின் ராணுவ நினைவு வளாகமான லே ஸேன்வலிதில் இறுதிச் சடங்கு நடந்தது. சாம்பல் மத்திய தரைக்கடலில் கரைக்கப்பட்டது.

ரகசியம் தெரிந்த ஒரு கைப்பிடி ஆட்கள் அப்போதும் வாய் திறக்கவில்லை. 1979 மார்ச் தேதியிட்டு அவர் எழுதிவைத்துப் போன விளக்கம் 1981 ஜூலையில்தான் அச்சில் வந்தது. இடைப்பட்ட ஏழு மாதங்களும் அழார் உயிரோடு இருந்தார். கொன்கூர் பட்டியலில் இன்றும் இருவரும் தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள்: 1956, ரொமேன் காரி, 1975, எமில் அழார்.